ஆயாவின் சர்வேசுரன்

புதிய ஏற்பாடு முழுவதையும் தேடினாலும் 'பாட்டி' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் கிடைக்கும். பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதம், முதல் அதிகாரம். உன்னிடம் இருக்கும் விசுவாசம் முதலில் உன் பாட்டியிடமும் பிறகு உன் அம்மாவிடமும் இருந்ததுதான் என்று அந்த இளைஞனுக்குப் பவுல் நினைவூட்டுகிறார். பாட்டியின் பெயரையும் சொல்கிறார். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் அவர் லோவிசாள். கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் திருவிவிலியத்தில் லோயி. அத்தோடு சரி. அந்தப் பாட்டி என்ன வேலை செய்தார், பேரனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார், தன் மகள் ஒரு கிரேக்கரைக் கல்யாணம் செய்துகொண்டபோது வீட்டில் என்ன நடந்தது... ஒன்றும் கிடையாது.

இயேசுவின் சொந்தப் பாட்டிக்கு இந்த ஒரு வரிகூட வாய்க்கவில்லை. அன்னம்மாள் என்ற பெயர் பைபிளிலேயே இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருச்சபை வேதத்தில் சேர்த்துக்கொள்ளாத ஒரு நூலில்தான் அந்தப் பெயர் வருகிறது. ஆனாலும் ஜூலை 26 அன்று சுவக்கீன், அன்னம்மாள் திருநாள் கொண்டாடுகிறோம். 2021இல் போப் பிரான்சிஸ் ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாகவும் அறிவித்தார். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஞாயிறுகளில் கேட்கிற பிரசங்கங்களையும், பத்திரிகைகளில் வருகிற கட்டுரைகளையும் பார்த்தால் எல்லாப் பாட்டிகளும் ஒரே பாட்டியாக இருக்கிறார்கள். பக்தியானவர், ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்காதவர், யாரையும் கடிந்து பேசாதவர். லோவிசாளுக்குப் பவுல் கொடுத்த அதே ஒரு வரி.

'பக்தியானவர்' என்ற சொல்லால் நம் பாட்டிகளைப் பாராட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சொல்லாலேயே அவர்களை மூடி வைத்துவிடுகிறோம் என்பது என் கருத்து. பக்தி என்றால் அவர்களுக்கு என்ன அர்த்தம், எந்தச் சொற்களில் அவர்கள் அதைச் சொன்னார்கள், அதற்காக என்ன இழந்தார்கள், யாரோடு சண்டை போட்டார்கள் என்பதை எழுதாமல் விட்டால் அது நினைவுகூர்தல் ஆகாது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியை வைத்துச் சொல்கிறேன். என் அம்மாவைப் பெற்றவர். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.

ஆயா பிறந்தது 1938இல். கோவளத்துக்காரர். 2022இல் இறந்தபோது 84 வயது. ஏறத்தாழ நாற்பது வருடம் மீன் விற்றார். கோவளத்தில் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் சும்மாடு வைத்துத் தூக்கி, தெற்கே திருவிடந்தை, வடநெம்மேலிப் பக்கமும் மேற்கே கேளம்பாக்கம் பக்கமும் நடந்து விற்பார். பஸ்ஸில் மீன்கூடையை ஏற்ற மாட்டார்கள். ஷேர் ஆட்டோ வந்ததெல்லாம் அவருடைய கடைசிக் காலத்தில்தான்.

அவருடைய பக்தியை நான் முதலில் புரிந்துகொண்டது தூரத்தை அளக்கும் கணக்காகத்தான். திருவிடந்தைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் "ரெண்டு ஜெபமாலை" என்பார். உண்மையாகவே அப்படித்தான். ஐந்து பத்து மணிகள் கொண்ட ஒரு ஜெபமாலையை நடந்துகொண்டே சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆகும். தலையில் பாரத்தோடு மூன்று கிலோமீட்டர் போக நாற்பது நிமிடம். கூடை காலியானால் திரும்பி வரும்போது ஒன்றரை ஜெபமாலைதான். "மிச்சம் பாதியை எங்க சொல்லுவ ஆயா?" என்று கேட்டால், "ஊட்டாண்ட வந்து கால் கழுவும்போது" என்பார். கையில் மணிமாலை இருக்காது. ஒரு கை கூடையைப் பிடிக்க, மறு கையின் விரல் கணுக்களில் எண்ணுவார். புகைப்படங்களில் பாட்டிகள் கையில் தொங்கும் அழகான ஜெபமாலையை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

2002 அக்டோபரில் போப் இரண்டாம் ஜான் பால் ஜெபமாலையில் ஒளியின் மறைபொருள்கள் என்று புதிதாக ஐந்தைச் சேர்த்தார். அதுவரை மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று மூன்று வரிசை. மூன்றும் சேர்த்தால் 150 மணி. நாலாவது சேர்ந்ததும் 200. வியாழக்கிழமைகளில் புதியதைச் சொல்லவேண்டும் என்று கோயிலில் அறிவித்தபோது ஆயாவின் ஒரே கேள்வி: "வியாழக்கெழம இதுவரைக்கும் சொன்னத என்னா பண்றது?" அதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். போகும்போது பழையது, வரும்போது புதியது. ரோமாபுரியில் எடுத்த ஒரு முடிவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மீன்காரம்மாவின் நடையில் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். இதைத்தான் நான் பக்தி என்கிறேன். 'ஜெபத்தில் உறுதியானவர்' என்று எழுதினால் இதில் என்ன மிஞ்சும்?

தவக்காலத்தை அவர் 'தபசு காலம்' என்றுதான் சொல்வார். அந்த நாற்பது நாளும் அவருக்கு வியாபாரம் நன்றாக இருக்கும். கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிக்கிழமை கறி கூடாது, மீன் கூடும். சுத்தபோசனம் என்று அதற்குப் பெயர். "எங்க வயித்துக்குன்னே போட்ட சட்டம்" என்று சிரிப்பார். ஆனால் அவர் மட்டும் அந்த வெள்ளிக்கிழமைகளில் மீனும் தொடமாட்டார். காலையிலிருந்து மீனிலேயே கை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஒருசந்தி இருந்து, சாயங்காலம் கஞ்சியும் துவையலும். சட்டம் கேட்டதற்கு மேலே ஒரு படி. "விக்கிறவ தின்னா அதுல என்னா தபசு?"

இப்போது சொற்களுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஆயாவின் கடவுளுக்குப் பெயர் சர்வேசுரன். நான் பள்ளியில் படித்த மறைக்கல்விப் புத்தகத்தில் கடவுள் 'இறைவன்'. ஆயா பூசைக்குப் போவார், நான் திருப்பலிக்குப் போவேன். அவர் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்குவார், நான் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று நற்கருணை உட்கொள்வேன். (எது சுருக்கமாக இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.) அவருக்கு சம்மனசு, எனக்கு வானதூதர். அவருக்கு இராயப்பர், சின்னப்பர், அருளப்பர், சந்தியாகப்பர், சூசையப்பர். எனக்கு பேதுரு, பவுல், யோவான், யாக்கோபு, யோசேப்பு. ஒரே வீட்டில், ஒரே கோயிலில், இரண்டு மொழி.

இது எப்படி வந்தது? ஆயாவின் சிறுவயதில் பூசை லத்தீனில்தான் நடந்தது. குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் சொல்லிக்கொண்டிருக்க, ஜனங்கள் பின்னால் உட்கார்ந்து தமிழில் செபங்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு மாறியது. அப்போது ஆயாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அதைத் தொடர்ந்து செபங்களின் தமிழும் மாறியது. பழைய செபங்களில் வடமொழி நெடுக இருக்கும். தனித்தமிழ்க் காற்று வீசிய காலம் என்பதால் புதியவற்றில் நல்ல தமிழ் வந்தது. பிறகு 1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தது. பெயர்களை எல்லோருக்கும் பொதுவாக வைக்கவேண்டும் என்று இராயப்பர் பேதுரு ஆனார்.

மாற்றம் தவறு என்று நான் சொல்லவில்லை. புரியாத லத்தீனைவிடப் புரிகிற தமிழ் நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் போன சொற்களில் என்ன இருந்தது என்று ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தோமா? பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவன் என்று பொருள். அதனால்தான் அவர் சின்னப்பர். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குள் கடவுள் அருளினார் என்ற பொருள் இருக்கிறது, அதனால் அருளப்பர். பெயரைக்கூட மொழிபெயர்த்து, கூடவே ஒரு 'அப்பரை'யும் சேர்த்து நம் வீட்டுப் பெரியவர்களாக ஆக்கிக்கொண்ட தமிழ் அது. சந்தியாகப்பர், சூசையப்பர் என்பதில் போர்த்துக்கீசியர்களின் சத்தம் கேட்கிறது. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தபோது அந்தக் கடற்கரைத் தமிழைப் பலரும் வியந்து படித்தார்கள். அது தென்பாண்டிக் கரை. இங்கே எங்கள் கரையிலும் அதே சொற்கள் ஆயாக்களின் வாயில் புழங்கிக்கொண்டுதான் இருந்தன.

புழங்கின என்றால், கோயிலுக்குள் மட்டும் இல்லை. 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று ஒன்று உண்டு. மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில், செய்த பாவத்துக்கு வேதனைப்பட்டுத் தீர்க்கிற இடம். ஆயாவைப் பொறுத்தவரை கேளம்பாக்கம் பஸ் நிறுத்தம் ஒரு உத்தரிக்கிற ஸ்தலம். கடன் வாங்கி ஏலம் எடுத்து மீன் விற்காமல் போன நாள் ஒரு உத்தரிக்கிற ஸ்தலம். மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்த கடைசி மாதங்களும் அப்படித்தான். மறுமையைப் பற்றிய ஒரு பெரிய கோட்பாட்டை அவர் அன்றாடம் எடுத்து உபயோகித்தார். புதிய சொல் என்ன தெரியுமா? 'தூய்மை பெறும் நிலை' என்கிறார்கள். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து அப்படிச் சொல்லிப் பாருங்கள்!

திருவிடந்தையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நூற்றெட்டு திவ்யதேசங்களில் ஒன்றான நித்யகல்யாணப் பெருமாள் கோயில் அங்கே இருக்கிறது. வராகர் தினம் ஒரு கன்னிகையாக 360 பேரைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது தலபுராணம். அதனால் கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு வந்து வேண்டிக்கொண்டு பிரகாரத்தைச் சுற்றுவார்கள். வடக்கே சற்றுத் தள்ளி கோவளத்தில் தமீம் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா கோயில். மூன்று கிலோமீட்டருக்குள் மூன்று மதத்துக்கும் பேர்போன இடம் என்று சுற்றுலாக் கட்டுரைகளில் எழுதுவார்கள். எழுதிவிட்டு 'மதநல்லிணக்கம்' என்று ஒரு முத்திரையும் குத்துவார்கள்.

அந்த நல்லிணக்கம் நடைமுறையில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பெருமாள் கோயில் வாசலில் பூ விற்ற ஒரு அம்மா ஆயாவுக்கு நெருக்கமான சிநேகிதி. என் பெரியம்மாவுக்கு வயது இருபத்தெட்டு ஆகியும் வரன் அமையவில்லை. பூக்கார அம்மா சொன்னாராம்: "அக்கா, நான் ஒரு மாலை கட்டித் தரேன். பொண்ணை இட்டாந்து சுத்தவுடு. வருஷத்துக்குள்ள முடிஞ்சிடும்." ஆயாவின் பதில்: "உங்க சாமிக்குத் தன் கல்யாணத்தப் பாக்கவே நேரம் பத்தாது. நான் எங்க மாதாகிட்டயே கேட்டுக்கறேன். மாட்டேன்னு சொல்லல, நீ வேணா எம்பொண்ணுக்காக ஒரு சுத்து சுத்து." அந்த அம்மா நிஜமாகவே தன் காசில் மாலை வாங்கிச் சுற்றினார். ஆயா கார்மேல் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தார். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்திக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டம் கூட்டமாகப் போவார்களே, அந்த நடை. அடுத்த தை மாதத்தில் பெரியம்மாவுக்குக் கல்யாணம் ஆனது. யாருடைய சாமி முடித்துவைத்தது என்று இரண்டு பேரும் கடைசி வரைக்கும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

இதை நல்லிணக்கம் என்று சொல்வதைவிட அவர்களுடைய சிநேகிதம் பெரியது என்பேன். எல்லா சாமியும் ஒன்றுதான் என்று ஆயா ஒருநாளும் சொன்னதில்லை. சர்வேசுரன் ஒருவரே என்பதில் அவருக்குக் கடுகளவு சந்தேகம் கிடையாது. தன் பெண்ணைக் கோயிலைச் சுற்ற அனுப்பவும் மாட்டார். ஆனால் சிநேகிதி தன் சாமியிடம் தனக்காகக் கேட்பதைத் தடுக்கவும் மாட்டார். இந்த நுணுக்கம் பல படித்தவர்களிடம் இல்லை.

சரி, அவ்வளவு நல்லவரா? இல்லை. இங்கேதான் 'யாரையும் கடிந்து பேசாதவர்' என்ற வார்த்தை எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கரையில் ஏலத்தின்போது அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பேரப்பிள்ளைகள் எல்லோரும் சாயங்கால செபத்தில் தூங்கியதற்குக் குட்டு வாங்கியிருக்கிறோம்.

மிகப் பெரிய சண்டை மாமாவோடு. 1999இல் மாமா பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார். குடியை விட்டார், கடனை அடைத்தார், அதெல்லாம் உண்மை. கூடவே வீட்டுக் கூடத்திலிருந்த மாதா சுரூபத்தை எடுத்துவிடவேண்டும் என்றார். சுரூப வழிபாடு விக்கிரக ஆராதனை என்பது அந்தச் சபைகளின் உறுதியான போதனை. ஆயா ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் விடியற்காலை அன்னக்கூடையைக் கழுவி, வாழையிலை பரப்பி, சுரூபத்தை அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு நடந்துவிட்டார். "மீன் ஏத்துன கூடையில மாதாவ ஏத்துனியே" என்று யாரோ கேட்டதற்கு, "அவ மவன் சேத்துக்கிட்டவங்க எல்லாம் யாரு? மீன்காரங்கதான?" என்றாராம். ஐந்து வருடம் மகனோடு பேசவில்லை. பண்டிகைக்கும் போகவில்லை, பேத்தி பிறந்ததற்கும் போகவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் அழுதும் அசையவில்லை. பக்தி இப்படியும் ஒரு முகம் காட்டும். அதில் மாமியும் அந்தச் சின்னப் பெண்ணும் பட்ட வேதனைக்கு ஆயாவும் ஒரு காரணம். இதை மறைத்து எழுதினால் ஆயாவுக்கு மரியாதை என்று நான் நினைக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஒன்பது மணியை ஒட்டி அலை கரையேறியபோது ஆயா கோயில் பக்கத்தில் இருந்தார். நான் அப்போது கைக்குழந்தை. அம்மா சொல்லித்தான் தெரியும். மாமா இடுப்பளவு தண்ணீரில் அவரைத் தேடிக்கொண்டு வந்தார். அன்று பேச ஆரம்பித்தார்கள். சுரூபத்தைப் பற்றி மட்டும் இருவரும் சாகும்வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் ஏராளமானோர் இறந்த செய்தி வந்தபோது, இது கடவுள் கொடுத்த தண்டனை என்று ஊரில் ஒருவர் சொல்ல, ஆயா அவரைப் பார்த்து "வாயக் கழுவிட்டு வா" என்றாராம். அவருடைய சுனாமி இறையியல் அவ்வளவுதான். பிறகு பல நாள் முகாமில் சமைத்தார்.

ஆயா இறந்தபோது அச்சடித்த நினைவு அட்டையின் வாசகத்தை எழுதியவர் மாமா. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்த ஜெபத்தாய்' என்று எழுதினார். மாமா அதை அன்போடுதான் எழுதினார், அழுதுகொண்டே எழுதினார். ஆனால் அந்த வரியில் ஆயாவின் சொல் ஒன்றுகூட இல்லை. கர்த்தர், நித்திரை, ஜெபத்தாய் எல்லாமே மாமாவின் சபைத் தமிழ். எந்தச் சுரூபத்துக்காக வீட்டை விட்டு நடந்தாரோ அந்த மாதா அட்டையில் இல்லை. மீனும் இல்லை. 84 வருட வாழ்க்கை இன்னொருவரின் மொழியில் சுருங்கிவிட்டது. குடும்பத்தில் பலருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. "என்ன, ரெண்டும் கிறிஸ்தவம்தானே" என்றார்கள்.

பெண்களின் வாழ்க்கை எங்கே எழுதப்படுகிறது என்று யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான். கோவளத்தின் வரலாறு என்று தேடினால் ஆண்கள் வரிசையாக வருவார்கள். 1752இல் கோவளம் கோட்டையைப் பிடித்த ராபர்ட் கிளைவ். 1808இல் கார்மேல் மாதா கோயிலைக் கட்டிய வணிகர் ஜான் டிமான்டி. 1821இல் இறந்த அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. அவர் விட்டுச்சென்ற சொத்துகளால் சென்னையில் ஒரு தெருவுக்கே அவர் பெயர்; 2015இல் அந்தப் பெயரில் பேய்ப்படம்கூட வந்துவிட்டது. செத்து இருநூறு வருடம் கழித்து பேயாக வரவும் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அவர் கட்டிய கோயிலைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்து உயிரோடு வைத்திருந்த பெண்களுக்குக் கல்வெட்டு கிடையாது.

எழுதப்பட்ட கிறிஸ்தவப் பெண்கள் உண்டு, இல்லாமல் இல்லை. தஞ்சாவூர்ப் பிராமண விதவையான கிளாரிந்தா 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, பாளையங்கோட்டையில் ஒரு கோயில் கட்டினார். 1785இல் அது பிரதிஷ்டையானது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊர் ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அ. மாதவையா 1915இல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர் சத்தியநாதனின் மனைவி அன்னா, பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தி 1878இல் இறந்தார். அவருடைய மகன் சாமுவேலின் முதல் மனைவி கிருபாபாய் நாவலாசிரியை. இரண்டாம் மனைவி கமலா 1901இல் பெண்களுக்காக ஆங்கிலப் பத்திரிகை தொடங்கினார். கமலாவின் மகள் பத்மினி சென்குப்தா 1956இல் தன் அம்மாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்கள் காகிதத்தில் நிலைத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் பேனா இருந்தது, ஆங்கிலம் இருந்தது. மீன்கூடை தூக்கியவர்களுக்கு யார் எழுதுவது? பாமா 1994இல் 'சங்கதி'யைத் தன் பாட்டியிலிருந்து தொடங்கியது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது புரிகிறது. அதிலும் பாட்டி பேசுவது பாட்டியின் பேச்சிலேயே.

ஆனால் ஒரே ஒரு புத்தகத்தில் எல்லாக் கத்தோலிக்க ஆயாக்களும் இருக்கிறார்கள். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானஸ்நானம் கொடுத்த குரு, தேதி, இவற்றோடு ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரையும் எழுதவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பின்னாளில் அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் எந்த ஊரில் நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் போய் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். ஒரு பெண் கல்யாணமாகி எவ்வளவு தூரம் போனாலும் அவளைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு வரி. நாம் சான்றிதழ் வாங்கும்போது நம் வரியை மட்டும்தான் பார்க்கிறோம். ஞானத்தாய் என்ற கட்டத்தை யாரும் படிப்பதில்லை.

ஆயா எத்தனை குழந்தைகளுக்கு ஞானத்தாய் என்று வீட்டில் கேட்டேன். பெரியம்மா பதினொன்று என்கிறார், அம்மா பதினாலு என்கிறார். ஞானத்தாய் என்றால் படத்துக்கு நிற்பது மட்டும் கிடையாது. அந்தக் குழந்தையின் விசுவாசத்துக்குப் பொறுப்பு. ஆயா அதை வயிற்றுக்கும் சேர்த்த பொறுப்பாக எடுத்துக்கொண்டார். விற்காமல் மிஞ்சிய மீனில் யார் வீட்டுக்கு எத்தனை கூறு என்பது இந்தக் கணக்கில்தான் போனது என்று பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதில் இரண்டு பேர் இப்போது வெளிநாட்டில். ஒருவர் துபாயிலிருந்து போன் செய்து, நெத்திலிக் கருவாடு சுற்றி வந்த காகிதத்தில் ஆயா தனக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். ஆயாவுக்குப் படிக்கத் தெரியும் என்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்படிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆயாவின் சொற்கள், பக்கத்தில் அவர் அதை எப்போது சொன்னார் என்று. கொம்பிரி, குருசு, சுத்தபோசனம், அவஸ்தை பூசுதல்... இதுவரை ஐம்பத்து மூன்று வந்திருக்கிறது. அர்த்தம் அகராதியில் கிடைத்துவிடும், யார் தலையில் குட்டியபடி சொன்னார் என்பது அங்கே கிடைக்காதே. மாமாவிடமும் கேட்டிருக்கிறேன். அவருக்கு எல்லோரையும்விட அதிகம் ஞாபகம் இருக்கும், மூத்த பிள்ளை. முதலில் "அதெல்லாம் எதுக்குடா இப்போ" என்றார். போன வாரம் இராத்திரி பதினோரு மணிக்கு போனில் கூப்பிட்டு, சின்ன வயதில் கடலுக்குப் போகுமுன் ஆயா தன் நெற்றியில் கட்டைவிரலால் குருசு போட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்வார், அது பாதிதான் நினைவுக்கு வருகிறது என்றார். அந்தப் பாதியை எழுதி வைத்திருக்கிறேன். மீதி பூக்கார அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். இந்த சனிக்கிழமை திருவிடந்தைக்குப் போகிறேன்.